சிவப்பு மை குறைந்த வகுப்பு: வடசென்னைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில எழுத்துப் பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 2024 ஜூலையில் முதலாம் ஆண்டு பி.காம். சேர்ந்த ஒரு வகுப்பில், அந்தக் கல்வியாண்டு முழுக்க ஆங்கில எழுத்துப் பயிற்சி எப்படி நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வகுப்பை நடத்தியவர் என் சக ஆசிரியை. நான் அதே துறையில் வேலை செய்பவன். அவர் கேட்டுக்கொண்டதால் அவ்வப்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். மாணவர்களின் தாள்களை நகல் எடுத்துச் சேர்த்தும் வைத்தேன். கல்லூரியின் பெயரும் மாணவர்களின் பெயர்களும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

இது மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட். அறுபது பேருக்கு மேல் உள்ள வகுப்பு. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர், எண்ணூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பலர் காலையில் எங்காவது வேலை பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். எம்.சி. ரோட்டில் துணிக்கடை, துறைமுகத்தில் ஐஸ் இறக்குவது, கன்டெய்னர் யார்டில் என்ட்ரி போடுவது, சாப்பாடு டெலிவரி. பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைத்தது. அதேபோலப் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் அந்த ஆகஸ்டில்தான் தொடங்கியது.

பாடத்திட்டத்தில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். செமஸ்டர் தேர்வுக்கு 75 மார்க், இன்டர்னலுக்கு 25. இந்த 25-க்குள் இருந்த அசைன்மென்ட் பகுதியைத்தான் ஆசிரியையால் தன் விருப்பப்படி நடத்த முடிந்தது. பின்னால் சொல்லப்போகும் மாற்றங்கள் எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் நடந்தவை.

முதல் இரண்டு மாதங்களில் கண்டது

சேர்ந்த புதிதில் கொடுத்த முதல் வேலை எளிமையானது. உங்கள் தெருவைப் பார்த்தே இராத ஒருவருக்கு அதைப் பற்றி ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள் என்றார் ஆசிரியை. சிலர் வெறும் தாளைக் கொடுத்தார்கள். எழுதியவர்களில் நிறையப் பேர் "மை ஸ்ட்ரீட் இஸ் எ வெரி பியூட்டிஃபுல் ஸ்ட்ரீட்" என்று ஆரம்பித்து, பள்ளியில் மனப்பாடம் செய்த ஏதோ ஒரு கட்டுரைக்குள் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் மரங்கள் வரிசையாக நின்றன, பறவைகள் பாடின. கொருக்குப்பேட்டையில் அப்படி ஒரு தெரு எனக்குத் தெரிந்து இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தவர்கள்தான் எல்லோரும். லீவ் லெட்டர் கேட்டால் "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று பிழையில்லாமல் எழுதுவார்கள். அக்கா கல்யாணத்துக்கு லீவ் கேட்டாலும் காய்ச்சல்தான். மனப்பாடம் செய்ததை விட்டு ஒரு அடி வெளியே வந்தால் வாக்கியம் தமிழ்க் கட்டுமானத்தில் விழுந்தது. "மை ஃபாதர் ஒர்க்கிங் போட்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அப்பா வேலை செய்யும் படகு. தமிழில் பெயருக்கு முன்னால் வரும் இதுபோன்ற வினை கலந்த விளக்கம் ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். அவன் தமிழ் வரிசையில் ஆங்கிலச் சொற்களை வைத்திருந்தான். 'எ', 'தி' போன்றவை தாறுமாறாக இருந்தன. காலம் ஒரே பத்தியில் மூன்று முறை மாறியது.

ஆசிரியை எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தார். எல்லாத் தாளையும் வரி வரியாகத் திருத்தினார். ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் அறுபது தாளுக்குப் பத்து மணி நேரம். இதுபோக அவருக்கு வேறு மூன்று வகுப்புகள் இருந்தன. திருத்திய தாளைக் கொடுத்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். கைக்கு வந்ததும் முதலில் மார்க்கைப் பார்த்தார்கள். அடுத்து பக்கத்தில் இருப்பவரின் மார்க்கை. அப்புறம் தாள் நான்காக மடிந்து பைக்குள் போனது. "ரத்தம் வர அடிச்சிருக்கீங்க மேம்" என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்த அசைன்மென்டில் அவன் தாளில் அதே பிழைகள், அதே இடங்களில் இருந்தன.

நாங்கள் இருவரும் கவனித்த இன்னொரு விஷயம்தான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் வழி விட்டது. இதே மாணவர்கள் அக்கவுன்டன்சி கணக்கைக் கூட்டமாக உட்கார்ந்து போடுவார்கள். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றால் யார் எங்கே விட்டது என்று ஒருவர் நோட்டை ஒருவர் பிடுங்கிப் பார்த்துச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் வெட்கம் கிடையாது. ஆங்கிலம் எழுதும்போது மட்டும் இடது கை தாளை மறைத்துக்கொள்ளும்.

ஆகஸ்டில் எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

துறைக் கூட்டத்தில் இதைப் பேசினோம். திருத்துவதைக் குறைக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னதும் முதல் எதிர்ப்பு வந்தது. திருத்திய தாள்கள் ஃபைலில் இருக்க வேண்டும், பார்வையிட வருபவர்கள் கேட்பார்கள் என்றார் துறைத்தலைவர். அதில் நியாயம் இருந்தது. ஆனால் ஃபைலுக்காகத் திருத்துவதும் மாணவருக்காகத் திருத்துவதும் ஒன்றா என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த விவாதம் எங்கள் கல்லூரியில் பிறந்ததில்லை. இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயன் இல்லை, அதைக் கைவிடுவதே நல்லது என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996-இல் எழுதினார். டேனா ஃபெரிஸ் 1999-இல் அதற்கு மறுப்பு எழுதினார். சரியாகத் தேர்ந்தெடுத்து, தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்பது அவர் பக்கம். அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. என் கருத்தில் வகுப்பறைக்கு ஃபெரிஸ்தான் நெருக்கமானவர், ஆனால் அறுபது பேர் வகுப்பில் ட்ரஸ்காட்டின் சந்தேகத்தையும் மறக்க முடியாது.

முடிவுகள் இப்படி அமைந்தன. முதலில் எழுதும் ரஃப் காப்பிக்கு மார்க் கிடையாது. அதைப் படித்த சக மாணவர்கள் சொன்னதை வைத்துத் திருப்பி எழுதும் ஃபேர் காப்பிக்கு மட்டும்தான் மார்க். இதற்கு ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒரு காரணம். வெறும் குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்புரையோடு மார்க்கும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். அது எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வு இல்லை என்றாலும், நான்காக மடிந்து பைக்குள் போன தாள்களைப் பார்த்த எங்களுக்கு அது புதிய செய்தியாக இல்லை.

இரண்டாவது, இருவர் சேர்ந்து ஒரே தாளில் எழுதுவது. நியோமி ஸ்டார்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஜோடியாக எழுதியவர்களின் கட்டுரைகள் தனியாக எழுதியவர்களுடையதைவிடச் சிறியவையாக இருந்தன, ஆனால் பிழை குறைவு, கேட்டதற்குப் பொருத்தமாகவும் இருந்தன. மூன்றாவது, ஒருவர் ரஃப் காப்பியை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வது. கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராமும் வெண்டி பேக்கரும் 2009-இல் காட்டியது இதில் சுவாரசியமானது: அடுத்தவர் எழுத்துக்குக் கருத்துச் சொல்லப் பழகியவர்கள், கருத்தைப் பெற்று மட்டும் வந்தவர்களைவிடத் தங்கள் சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறினார்கள். மொழியில் கீழ்நிலையில் இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது.

நான்காவதாக, பேச்சு தமிழில் இருக்கலாம், தாளில் மட்டும் ஆங்கிலம். இதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சொன்னால் வகுப்பில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர்: முதல் சுற்று

முதல் சுற்று நன்றாகப் போகவில்லை. தாள்களை மாற்றிக்கொண்டு படித்தவர்கள் அடியில் "குட்", "நைஸ்", "ஹேண்ட்ரைட்டிங் சூப்பர்" என்று எழுதினார்கள். நண்பனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. தைரியமாகத் திருத்தியவர்கள் வேறு விதத்தில் சிக்கல் செய்தார்கள். "டிட் நாட் கம்" என்று ஒரு பெண் சரியாக எழுதியிருந்ததை, நேற்று நடந்த விஷயம்தானே என்று பக்கத்துப் பெண் "டிட் நாட் கேம்" என்று அடித்துத் திருத்தியிருந்தாள். எழுதியவளும் அதை அப்படியே ஃபேர் காப்பியில் ஏற்றுக்கொண்டாள்.

வகுப்பில் முணுமுணுப்பும் இருந்தது. "நீங்க திருத்தித் தர மாட்டீங்களா மேம்?" என்று நேரடியாகவே கேட்டார்கள். டீச்சர் செய்ய வேண்டிய வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார் என்ற பேச்சு கேன்டீனில் ஓடியது என் காதுக்கும் வந்தது.

ஆண், பெண் ஜோடிகளில் இன்னொரு தொல்லை. வகுப்பு முடிந்ததும் கிண்டல். ஒரு பெண் தனியாக வந்து, வீட்டுக்குத் தெரிந்தால் பிரச்சினை ஆகும், என்னை மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள். அவளை அன்றே மாற்றினார் ஆசிரியை.

தடைக்காலம் பற்றிய பத்தி

இந்தச் சுற்றில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்கு விளக்கி ஒரு பத்தி எழுதுவது வேலை. காசிமேட்டுப் பையன் ஒருவனையும், ஆங்கில வழியில் படித்து வந்த ஒரு மாணவியையும் ஜோடி சேர்த்திருந்தார் ஆசிரியை. பையனின் அப்பா விசைப்படகில் போகிறவர். விஷயம் அவனுக்குத் தெரியும். ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் நல்ல பத்தி வரும் என்பது கணக்கு.

வந்த பத்தியில் ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை. ஆனால் கோடையில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் மீனவர்களின் பாதுகாப்புக்காக அரசு மீன்பிடிப்பதைத் தடை செய்கிறது, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று அதில் இருந்தது. உண்மையில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பது மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகலாம்.

ஆசிரியை பையனிடம் கேட்டார். "தெரியும் மேம். நடுவுல சொன்னேன். அவங்க எழுதிட்டு இருந்தாங்க, சரின்னு விட்டுட்டேன்" என்றான். அந்த மாணவியைக் கேட்டபோது, அவன் மெதுவாக ஏதோ சொன்னான், எழுதும் வேகத்தில் கவனிக்கவில்லை, நேரம் முடியப் போகிறதே என்று வேகமாக முடித்தேன் என்றாள். இருவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. பேனா முழு நேரமும் ஒரே கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டார்ச் 2002-லேயே ஜோடிகளை நான்கு வகையாகப் பிரித்திருந்தார். இருவரும் சேர்ந்து யோசிப்பது. இருவரும் மேலாதிக்கம் செய்வது. ஒருவர் ஆள, மற்றவர் ஒதுங்குவது. தெரிந்தவர் தெரியாதவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது. முதலும் கடைசியும் பலன் தந்தன. எங்கள் ஜோடி மூன்றாவது வகை. பின்பெஞ்சிலிருந்து பார்த்தபோது வகுப்பில் பாதி ஜோடிகள் அப்படித்தான் இருந்தன. தாள்கள் சுத்தமாக வந்துகொண்டிருந்ததால் இது மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரியாது.

அக்டோபர்: விதிகள் மாறின

அக்டோபர் நடுவில் மழை விடுமுறை வந்தது. அந்த இடைவெளியில் ஆசிரியை விதிகளைத் திருத்தி எழுதினார்.

பேனா, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தவர் வாயால் சொல்லலாம், பேனாவைத் தொடக் கூடாது. சொன்னது எழுதுபவருக்குப் புரியவில்லை என்றால் புரியும்வரை சொல்ல வேண்டும். இதனால் வேகம் பாதியாகக் குறைந்தது. தாள்கள் அசிங்கமாகவும் ஆகின, அடித்தலும் திருத்தலுமாக.

ஜோடி மூவராக மாறியது. வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி வராமல் போவதால் ஜோடி உடைந்து, வந்தவர் தனியாக உட்காரும் சிக்கல் இதில் தீர்ந்தது. மூவரில் இரண்டு பெண், ஒரு பையன் அல்லது மாறி என்று வைத்ததில் கிண்டலும் குறைந்தது.

அடுத்தவர் தாளில் இலக்கணத்தைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். படிப்பவர் கேள்வி மட்டும் கேட்கலாம். எங்கே புரியவில்லை? இன்னும் என்ன தெரிய வேண்டும்? இந்தக் கடிதம் யாருக்குப் போகிறதோ அவர் படித்துவிட்டு என்ன செய்வார்? கேள்விகளைத் தமிழில் எழுதலாம். குறைந்தது மூன்று கேள்வி இல்லாமல் தாளைத் திருப்பித் தரக் கூடாது. கேள்வி கேட்பது குறை சொல்வதாகாது என்பதால் நட்புக்கும் பங்கம் இல்லை. இதைப் பழக்க, முந்தைய ஆண்டின் பெயரில்லாத தாள் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, வகுப்பே சேர்ந்து கேள்வி கேட்டது. அந்த ஒரு மணி நேரம் கலகலப்பாகப் போனது.

இலக்கணம் ஆசிரியையின் பொறுப்பு. ஆனால் ஒரு அசைன்மென்டுக்கு ஒரே ஒரு விஷயம். இந்த முறை கடந்த காலம் என்றால் அதில் வரும் பிழைகளுக்கு மட்டும் அடிக்கோடு, மற்றவற்றுக்குக் கை வைப்பதில்லை. சரியான வடிவத்தை எழுதிக் கொடுப்பதும் இல்லை. கோடு போட்ட இடத்தை அவர்களே சரிசெய்ய வேண்டும். ஒரு தாளுக்கான நேரம் பத்து நிமிடத்திலிருந்து மூன்று, நான்கு நிமிடமாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் சிலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பினார், தமிழில். "நீ இரண்டாவது பத்தியில் சொன்ன விஷயம்தான் முக்கியம், அதை ஏன் கடைசியில் வைத்தாய்?" என்ற மாதிரி. தாளில் எழுதிய குறிப்பைப் படிக்காதவர்கள் வாய்ஸ் நோட்டை இரண்டு முறை கேட்டார்கள்.

துறைத்தலைவரின் ஃபைல் கவலைக்கும் இதிலேயே வழி பிறந்தது. ரஃப் காப்பி, அதன் மேல் எழுதிய கேள்விகள், ஃபேர் காப்பி மூன்றையும் சேர்த்துப் பின் அடித்து வைத்தார்கள். ஃபைல் முன்பைவிடத் தடித்தது.

ஜனவரி: தண்ணீர்ப் புகார்

இரண்டாம் செமஸ்டரில் பாடத்திட்டப்படி புகார்க் கடிதம் வந்தது. குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்து வருவதாக உரிய அதிகாரிக்கு எழுத வேண்டும். இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கற்பனை செய்யத் தேவையில்லாத தலைப்பு. இருந்தும் முதல் ரஃப் காப்பிகள் கைடு புத்தகத்திலிருந்தே வந்தன. மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பகுதியில் தண்ணீர் சரியில்லை, தேவையான நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன், நன்றி. மூன்று வரி.

இப்போது கேள்விகள் வேலை செய்தன. அதே காசிமேட்டுப் பையன் இன்னொருவன் தாளைப் படித்துவிட்டுச் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "இன்னாடா, எந்தத் தெருன்னே எய்தல? ஆபீசர் எங்கடா வருவாரு?" அவன் விடவில்லை. எத்தனை நாளாக? விடியற்காலை வரும் தண்ணியா, சாயந்திரம் வருவதா? லாரித் தண்ணியும் நாறுதா, குழாய் மட்டுமா? பம்பு அடித்த உடனே நாறுதா, கொஞ்ச நேரம் விட்டா? கேட்கக் கேட்க எதிரில் இருந்தவன் தமிழில் பதில் சொன்னான். அப்புறம் அதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தபோதுதான் முட்டினான். விடியற்காலை வரும் தண்ணீர் என்பதை "மார்னிங் கம்மிங் வாட்டர்" என்று எழுதிப் பார்த்தான். அந்த வாரத்துக்கு ஆசிரியை எடுத்துக்கொண்ட இலக்கணமும் அதுதான். "தி வாட்டர் தட் கம்ஸ் இன் தி மார்னிங்" என்று கரும்பலகையில் இருந்ததை அவன் நிமிர்ந்து பார்த்து எழுதியதை நான் கவனித்தேன். ஜூலையில் "மை ஃபாதர் ஒர்க்கிங் போட்" என்ற வரிக்கு நேரே ஆசிரியை சிவப்பில் எழுதிக் கொடுத்ததும் இதே விதிதான். அன்று அந்த விதிக்குத் தேவை இருக்கவில்லை. இன்று நண்பனின் கேள்விக்குப் பதில் சொல்ல அது வேண்டியிருந்தது.

இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. சேர்ந்து எழுதுவதாலோ குறிப்புரை கொடுப்பதாலோ தானாக எதுவும் நடக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி ஒருவர் கேட்டபோது, பதில் சொல்வதற்காக மொழி தேவைப்பட்டது. திருத்தம் அந்த நேரத்தில் வந்தால் ஒட்டிக்கொண்டது.

அந்த வகுப்பிலேயே ஒரு பெண் எழுந்து, "ஆபீசருக்குத் தமிழ்லயே எழுதலாமே மேம், எதுக்கு இங்கிலீஷ்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவதுதான் முறை. ஆசிரியை மழுப்பவில்லை. புகாரைத் தமிழிலும் எழுதச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தமிழ்க் கடிதமும் கேள்விகளுக்குப் பிறகு நன்றாக வந்திருந்தது தெரிந்தது. சிலர் தமிழ்க் கடிதத்தை நிஜமாகவே அனுப்பினார்கள். அடுத்த அசைன்மென்டுக்கு ஆங்கிலம் உண்மையில் தேவைப்படும் ஆளைத் தேடினார் ஆசிரியை. ஆன்லைனில் வாங்கிய ஷூ கிழிந்து வந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டு கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல். ஷிப்பிங் அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒரு கடிதம். அவற்றில் ஈடுபாடு இன்னும் கூடியது.

செல்போன் எழுதிய கடிதங்கள்

வீட்டிலிருந்து வந்த தாள்களில் சில திடீரென்று வழவழப்பாக மாறின. "ஐ ஹோப் திஸ் லெட்டர் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்று ஆரம்பித்தால் எங்களுக்கே புரிந்துவிடும். ஆசிரியை தடை எதுவும் போடவில்லை. ரஃப் காப்பியை வகுப்பிலேயே கையால் எழுத வேண்டும் என்ற விதி போதுமானதாக இருந்தது. தவிர, மூவர் குழுவில் உட்கார்ந்து "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று நண்பர்கள் கேட்டால், செல்போன் எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்ல முடியாமல் ஆள் நெளிவான்.

மார்ச் முடிவில் நிலவரம்

ஜூலைத் தாள்களையும் மார்ச் தாள்களையும் ஆசிரியையும் நானும் தனித்தனியாகப் படித்துப் பார்த்தோம். தெளிவாக மாறியது உள்ளடக்கம். வெறும் தாள் யாரும் கொடுக்கவில்லை. தெரு, நேரம், தொகை, யார் சொன்னது என்ற விவரங்கள் முதல் ரஃப் காப்பியிலேயே வந்துவிட்டன. நண்பன் என்ன கேட்பான் என்று முன்கூட்டியே யோசித்து எழுதப் பழகியிருந்தார்கள். எண்ணூர் மாணவி ஒருத்தி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். படகிலும் வலையிலும் ஒட்டிய எண்ணெயை எப்படித் துடைத்தார்கள் என்பது வரை இருந்தது. இலக்கணப் பிழைகள் நிறையவே இருந்தன, ஆனாலும் வகுப்பு அதை நிறுத்தாமல் படித்தது.

கவனம் குவித்த இலக்கணங்களில் கடந்த காலமும், பெயருக்குப் பின் வரும் விளக்கமும் ஓரளவு தேறின. 'எ', 'தி' தேறவே இல்லை. தமிழில் அதற்கு நேரான பழக்கம் இல்லாததால் இது பல ஆண்டு வேலை என்பது என் கணிப்பு. ஒரு அசைன்மென்டுக்கு அதை எடுத்துக்கொண்டு அடிக்கோடு போட்டது வீண்.

காசிமேட்டுப் பையனின் சொந்த எழுத்து சுமாராகத்தான் முன்னேறியது. ஆனால் வகுப்பில் அவனிடம் தாளைக் கொடுக்கத்தான் போட்டி இருந்தது, கேள்விகள் கூர்மையாக இருக்கும் என்று. ஆங்கில வழி மாணவியின் கதை வேறு. பேனாவைப் பிடுங்கிய பிறகு அவள் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுல எனக்கு என்ன மேம் கிடைக்கும்?" என்று ஆசிரியையிடமே கேட்டாள். சொல்லிக்கொடுத்ததைவிட, தன் தாளுக்கு வந்த கேள்விகளில்தான் அவளுக்கு அதிகம் கிடைத்தது. "இந்த வரியில் அழகா இருக்கு, ஆனா விஷயம் என்ன?" என்று அவளை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. பிழையில்லாமல் எழுதுகிறவர்களை நம் வகுப்புகள் அப்படியே விட்டுவிடுகின்றன.

பலன் இல்லாத குழுக்களும் உண்டு. ஒரு குழுவில் மூவருமே வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றாக வந்த நாட்கள் மிகக் குறைவு. இன்னொன்றில் பழைய சண்டை ஒன்று உள்ளே வந்து, கேள்விகள் குத்தலாக மாறி, குழுவைக் கலைக்க வேண்டியதாயிற்று. செமஸ்டர் தேர்வில் இந்த வகுப்பு மற்ற பிரிவுகளைவிடப் பிரமாதமாக ஒன்றும் செய்துவிடவில்லை. கேள்வித்தாள் பெரும்பாலும் பாடப்பகுதியைத்தான் கேட்கிறது. இந்தப் பயிற்சியை அளக்க அது பொருத்தமான கருவி இல்லை என்பது என் கருத்து, துறைத்தலைவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

2025 ஜூனில் மாற்றியவை

அடுத்த ஆண்டு வகுப்புக்கு முன் துறையில் சில மாற்றங்கள் முடிவாயின. ஜோடி என்ற கட்டமே வேண்டாம், முதல் நாளிலிருந்து மூவர். பெயரில்லாத பழைய தாளில் கேள்வி கேட்டுப் பழகும் பயிற்சி ஜூலையிலேயே. 2024-இல் அது மூன்று மாதம் தாமதமானது, அதற்குள் "குட்", "நைஸ்" எழுதும் பழக்கம் படிந்துவிட்டது. குழு அமைக்கும் முன் யார் காலையில் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டு, ஒரு குழுவில் ஒருவருக்கு மேல் அப்படி வராமல் பார்த்துக்கொள்வது. விதிகளைத் தமிழில் அச்சடித்து முதல் வாரமே கொடுப்பது, டீச்சர் தன் வேலையைத் தள்ளிவிடுகிறார் என்ற பேச்சுக்கு இடம் இல்லாமல்.

மார்க் விஷயத்தில்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. அசைன்மென்ட் மார்க்கில் பாதி ஃபேர் காப்பிக்கு, மீதிப் பாதி அடுத்தவர் தாளில் கேட்ட கேள்விகளுக்கு என்று ஆசிரியை முன்வைத்தார். கேள்விக்கு எப்படி மார்க் போடுவது என்று இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். கேள்வியால் ஃபேர் காப்பியில் ஏதாவது மாறியிருந்தால் மார்க், மாறாவிட்டால் இல்லை என்ற அளவுகோலை நான் சொன்னேன். எழுதியவர் பிடிவாதமாக எதையும் மாற்றாமல் விட்டால் கேட்டவருக்கு ஏன் நஷ்டம் என்று உடனே பதில் வந்தது. கடைசியில், எந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டேன், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுதியவரே ஃபேர் காப்பியின் அடியில் இரண்டு வரி தமிழில் எழுத வேண்டும் என்று முடிவானது. இரண்டு பிரிவுகளில் மட்டும் முதலில் நடத்திப் பார்க்க துறைத்தலைவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். இந்த மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் வேறு ஆசிரியரிடம் போயிருக்கிறார்கள். அங்கே பழையபடி முழுத் திருத்தம்தான் நடக்கிறது.